பட்டம் சியாட்டிலில், நோய் நைரோபியில்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உலகச் சுகாதாரத்துக்கென ஒரு தனித் துறை 2007இல் உருவானது. முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் அங்கே வழங்கப்படுகின்றன. பாடத்திட்டத்தைப் பார்த்தால் நோய்ப்பரவலியல், புள்ளியியல், சுகாதாரக் கொள்கை, களப்பயிற்சி, ஆய்வேடு என்று எந்தப் பொதுச் சுகாதாரக் கல்லூரியிலும் இருக்கக்கூடிய பாடங்களே பெரும்பாலும் இருக்கும். இந்தப் படிப்பை வேறுபடுத்துவது பாடங்கள் அல்ல, தூரம். இதய நோயைப் பற்றி ஆராயும் மாணவர் மாடியிலிருந்து இறங்கினால் நோயாளியைப் பார்த்துவிடலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைப் பற்றி சியாட்டிலில் ஆய்வேடு எழுதுபவருக்கோ, அந்தத் தாயும் குழந்தையும் ஒரு கண்டத்துக்கு அப்பால் இருக்கிறார்கள். அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு இந்த ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு வழிகள் வளர்ந்திருக்கின்றன. ஒன்று, ஓர் ஊரில் பல்லாண்டு காலூன்றி, அந்த ஊர் மருத்துவர்களையே ஆய்வாளர்களாக ஆக்குவது. மற்றொன்று, இருந்த இடத்திலிருந்தே உலகம் முழுவதன் நோயையும் சாவையும் கணக்கிடுவது. முன்னது மெதுவானது, பெயர் அதிகம் வெளியே தெரியாதது. ஆனால் பின்னது நிற்பதற்கான தரையே முன்னதுதான் என்பது என் கருத்து.

பிரிட்டிஷ் காலனிகளுக்குச் சென்ற அதிகாரிகளும் சிப்பாய்களும் வணிகர்களும் மலேரியாவில் மடிந்துகொண்டிருந்த காலத்தில், 1898இல் லிவர்பூலிலும் 1899இல் லண்டனிலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் திறக்கப்பட்டன. லண்டன் பள்ளியை நிறுவிய பேட்ரிக் மேன்சன் காலனி அலுவலகத்தின் மருத்துவ ஆலோசகர்; யாருடைய உடல்நலத்தை முன்னிட்டு அந்தப் பள்ளி எழுந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1948இல் உலக சுகாதார நிறுவனம் வந்தபின் 'பன்னாட்டுச் சுகாதாரம்' என்ற பெயர் நிலைத்தது. 'உலகச் சுகாதாரம்' என்ற இன்றைய பெயர் பரவியதற்கு எயிட்ஸ் ஒரு பெரிய காரணம், அதையொட்டி வந்த பணம் இன்னொரு பெரிய காரணம். 2000இல் கேட்ஸ் அறக்கட்டளை, 2002இல் எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம், 2003இல் அமெரிக்க அரசு ஐந்தாண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் என அறிவித்த பெப்ஃபார் என்ற எயிட்ஸ் நிவாரணத் திட்டம் என்று அடுத்தடுத்து வந்தவை, ஆப்பிரிக்காவில் மருந்து கொடுக்கவும் ஆள் பயிற்றுவிக்கவும் கணக்கு வைக்கவும் ஆயிரக்கணக்கானோரைத் தேடின. பல்கலைக்கழகங்கள் அந்த ஆட்களை உருவாக்கும் இடங்களாயின.

சியாட்டிலுக்கு இதில் ஓர் இயல்பான வசதி இருந்தது. கேட்ஸ் அறக்கட்டளையும், தடுப்பூசிகளையும் மலிவான மருத்துவக் கருவிகளையும் ஏழை நாடுகளுக்குக் கொண்டுசெல்லும் பாத் அமைப்பும், ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் மையமும் அதே ஊரில் இருக்கின்றன. துறை தொடங்குவதற்கு கேட்ஸ் அறக்கட்டளை 3 கோடி டாலர் கொடுத்தது. பாலியல் நோய் ஆய்வில் பேர்பெற்ற கிங் ஹோம்ஸ் முதல் தலைவரானார். துறையை மருத்துவக் கல்லூரிக்குக் கீழே வைப்பதா, பொதுச் சுகாதாரக் கல்லூரிக்குக் கீழே வைப்பதா என்ற கேள்விக்கு, இரண்டின் கீழும் ஒருசேர வைப்பது என்ற விடையைத் தேர்ந்தார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவரையும் மக்கள்தொகையை எண்ணிப் பார்ப்பவரையும் ஒரே துறைக்குள் உட்காரவைத்த அந்த முடிவு, நிர்வாக ஏற்பாடு போலத் தோன்றினாலும், பின்னால் வந்த ஆய்வுகளின் தன்மையைப் பெரிதும் தீர்மானித்தது.

ஆனால் கென்யாவின் தலைநகரான நைரோபியுடனான உறவு துறையைவிட மிகவும் மூத்தது. கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகம் 1980இல் நைரோபி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து பாலியல் நோய்களை ஆராயத் தொடங்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் அந்தப் பத்தாண்டுக்குள் அந்தக் கூட்டணியில் இணைந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒரு பிரிவான ஃபோகார்ட்டி மையம், எயிட்ஸ் பரவிய நாடுகளின் மருத்துவர்களை ஆய்வாளர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றை 1988இல் தொடங்கியது. அந்நாட்டு மருத்துவர் சியாட்டிலுக்கு வந்து நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் கற்று, தன் ஊருக்கே திரும்பி, அங்குள்ள நோயாளிகளிடையே தன் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நைரோபி பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் ரூத் நுடுவாட்டி இப்படி வாஷிங்டனில் முதுநிலைப் படிப்பு முடித்தவர்களில் ஒருவர். அவர் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வை நெருங்கிப் பார்த்தால், இந்தப் படிப்பு எதற்காக என்பது தெளிவாகும்.

எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகப் பரவக்கூடும் என்பது 1980களின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் அதற்குத் தீர்வு எளிது: தாய்ப்பாலை நிறுத்து, பவுடர் பால் கொடு. அங்கே குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது, டப்பா பால் கடையில் கிடைக்கிறது, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருத்துவமனை இருக்கிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கணக்கு தலைகீழாகிவிடும், எச்.ஐ.வி.யிலிருந்து காப்பாற்றிய குழந்தையை வயிற்றுப்போக்கு கொண்டுபோய்விடும். அதனால் 1992இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும், தொற்றுநோயும் ஊட்டக்குறைவும் குழந்தைகளைக் கொல்லும் இடங்களில் எச்.ஐ.வி. உள்ள தாயும் தாய்ப்பாலே கொடுக்கட்டும் என்று கூறின. எந்தப் பக்கம் ஆபத்து அதிகம் என்று யாரிடமும் நேரடி அளவீடு இல்லாத நேரம் அது. அந்த அளவீட்டை சியாட்டிலில் எடுக்க முடியாது. அங்கே அந்தக் கேள்வியே எழவில்லை.

1992 நவம்பர் முதல் 1998 ஜூலை வரை நைரோபியின் நான்கு மகப்பேறு முன்பராமரிப்பு மையங்களிலிருந்து, எச்.ஐ.வி. உள்ள 425 கர்ப்பிணிகள், தங்கள் ஒப்புதலுடன், சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் தாய்ப்பால் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்குப் பவுடர் பால் வழங்கப்பட்டது. சுத்திகரிக்கப்பட்ட நகராட்சித் தண்ணீர் கிடைக்கும் பெண்களே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். குழந்தைகள் இரண்டு வயது வரை தொடர்ந்து பார்க்கப்பட்டார்கள். தாய்ப்பால் பிரிவில் 36.7 சதவீதக் குழந்தைகளுக்கும் பவுடர் பால் பிரிவில் 20.5 சதவீதக் குழந்தைகளுக்கும் இரண்டு வயதுக்குள் தொற்று ஏற்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. இரு பிரிவிலும் குழந்தை இறப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. தொற்று இல்லாமல் உயிரோடிருந்த குழந்தைகள் தாய்ப்பால் பிரிவில் 58 சதவீதம், பவுடர் பால் பிரிவில் 70 சதவீதம்.

இந்த எண்களைவிட என்னை நிறுத்திவைக்கும் எண் வேறொன்று. பவுடர் பால் பிரிவில் இருந்த தாய்மார்களில் 70 சதவீதத்தினரே தாய்ப்பாலை முற்றிலும் தவிர்த்தார்கள். பால் கிடைக்கிறது, ஆபத்து என்னவென்று எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது, இருந்தும் பத்தில் மூன்று பேரால் முடியவில்லை. மார்பில் பால் கட்டியிருக்க, பிள்ளை அழ, பக்கத்தில் மாமியார் நின்று 'ஏன் பால் கொடுக்கவில்லை' என்று கேட்கும் வீட்டில், புட்டியை எடுப்பது என்பது தன் நோயைத் தானே அறிவிப்பதற்குச் சமம். புள்ளியியல் வகுப்பில் இதற்குப் பின்பற்றுதல் விகிதம் என்று பெயர். அந்த விகிதத்துக்குள் ஒரு சமையலறையும் ஒரு மாமியாரும் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து கேள்வித்தாளை எழுத, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒருவர் வேண்டும். ஆய்வுக் கட்டுரை 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானபோது முதல் ஆசிரியராக நைரோபியின் நுடுவாட்டியும், கடைசி ஆசிரியராக சியாட்டிலின் ஜோன் கிரைஸும் இருந்தார்கள். நடுவே புள்ளியியலாளர்களும் வைரஸ் ஆய்வாளர்களும் இரு நகரங்களிலிருந்தும் இடம்பெற்றார்கள். மருத்துவ ஆய்வில் முதல் இடம் வேலையைச் செய்தவருக்கும் கடைசி இடம் வழிநடத்தியவருக்கும் உரியது என்பது வழக்கம். ஆப்பிரிக்காவில் எடுத்த இரத்தத்தை வைத்து ஆப்பிரிக்கர் பெயரே இல்லாமல், அல்லது நடுவில் எங்கோ ஒளித்துவைத்து, வெளியிடப்பட்ட கட்டுரைகள் ஏராளமாக இருந்த காலத்தில் இந்த வரிசை சிறிய விஷயமல்ல.

அந்த விடை எல்லா ஊருக்கும் பொருந்தியதா என்றால், இல்லை. 2006இல் போட்ஸ்வானாவில் பெருமழைக்குப் பின் வயிற்றுப்போக்கு பரவியபோது, புட்டிப்பால் குடித்த குழந்தைகளே மருத்துவமனைகளை நிறைத்தார்கள், பலர் இறந்தார்கள். நைரோபி ஆய்வு நல்ல தண்ணீர் உள்ள பெண்களைக் கொண்டு நடந்தது என்ற ஒரு வரியை மறந்து அதன் முடிவை மட்டும் எடுத்துச்செல்ல முடியாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டாம். பின்னர், தாய்க்கோ குழந்தைக்கோ மருந்து கொடுத்துக்கொண்டே தாய்ப்பாலும் கொடுக்கலாம் என்று 2010இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அதே கென்யாவிலும் உகாண்டாவிலும், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 4,700க்கும் மேற்பட்ட இணைகளிடையே வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த இன்னோர் ஆய்வு, தொற்று இல்லாதவர் அன்றாடம் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை எடுத்தால் தொற்று 67 முதல் 75 சதவீதம் வரை குறைகிறது என்று காட்டியது. கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக அழைத்துவந்து, ஒருவர் நிலையை மற்றவருக்குத் தெரியவைத்து, மாதந்தோறும் வரவைக்கும் ஆய்வு அது. மக்களின் நம்பிக்கையைப் பெற்ற மையங்கள் இல்லாமல் அதை ஒரு வாரம்கூட நடத்த முடியாது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகமும் சேர்ந்து, 193 நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியை சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் வைத்துச் சிகிச்சை தந்தன. நெருக்கடியான வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்ற 1959இன் முடிவு, உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படக் காரணங்களில் ஒன்றாயிற்று. வெளிநாட்டவர் போன பிறகும் அந்த மையம் நின்றது. தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் இன்றும் அங்கேயே இருக்கிறது.

இனி, இரண்டாவது வழி. 2007இல், அதே ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தில், கிறிஸ்டோபர் மரே தலைமையில் சுகாதார அளவீட்டு மதிப்பீட்டு நிறுவனம் தொடங்கியது. கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்தது 10.5 கோடி டாலர். 2017இல் மேலும் 27.9 கோடி டாலர். மரேயும் ஆஸ்திரேலியரான ஆலன் லோபஸும் 1990களில் உலக வங்கிக்காகத் தொடங்கிய உலக நோய்ச்சுமை ஆய்வு இங்கே பெருந்தொழிலாக வளர்ந்தது. சாவினால் இழந்த ஆண்டுகளையும் நோயோடு வாழ்ந்ததில் குறைந்த ஆண்டுகளையும் ஒரே அலகாகக் கூட்டுவது அதன் அடிப்படை. அதனால்தான் முதுகுவலியையும் மலேரியாவையும் ஒரே அட்டவணையில் வைக்க முடிகிறது. 2012 டிசம்பரில் வெளியான பதிப்பில் 50 நாடுகளின் 302 நிறுவனங்களைச் சேர்ந்த 486 பேர் ஆசிரியர்கள். 2017இல் இந்தியாவின் மாநிலவாரி நோய்ச்சுமைக் கணக்கு வந்தபோது, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் இதய நோயும் நீரிழிவும் அழுத்த, வட மாநிலங்களில் தொற்றுநோய்ச் சுமை இன்னும் கனமாக இருப்பதை ஒரே அளவுகோலால் ஒப்பிட முடிந்தது.

இந்தக் கணக்கின் அடிமட்டத்துக்குப் போனால் ஒரு வீட்டு வாசல் வருகிறது. உலகின் பெரும் பகுதியில் சாவுக்கு மருத்துவச் சான்று இல்லை. எனவே இறந்து சில மாதங்கள் கழித்து ஒரு பணியாளர் அந்த வீட்டுக்குப் போகிறார். பெரும்பாலும் மருத்துவர் அல்லர். கேட்கப் பயிற்சி பெற்றவர். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சு வாங்கியதா, நெஞ்சுக்குழி உள்வாங்கியதா, வலிப்பு வந்ததா, கழுத்து விறைத்ததா என்று பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கடைசியில், நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்கிறார். தாய் சொல்வதை எழுதிக்கொள்கிறார். மருத்துவர்களோ கணினி நிரலோ அந்த விடைகளிலிருந்து சாவின் காரணத்தைக் கணிக்கின்றன. இந்தக் கணிப்பு எவ்வளவு சரி என்று சோதிக்க, மருத்துவமனையில் காரணம் உறுதியாகத் தெரிந்த 12,000க்கும் மேற்பட்ட சாவுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். அந்தக் களங்களில் ஆந்திரமும் உத்தரப் பிரதேசமும் இருந்தன.

எவ்வளவு முயன்றாலும் காய்ச்சலில் போன பிள்ளைக்கு மலேரியாவா வேறு காய்ச்சலா என்பதை அம்மாவின் நினைவிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். 2010ஆம் ஆண்டில் மலேரியாவுக்கு உலகில் 6,55,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும், 12.4 லட்சம் பேர் இறந்ததாக சியாட்டில் நிறுவனமும் கூறிய வேறுபாட்டின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. தரவு இல்லாத நாட்டுக்கு அண்டை நாட்டின் தரவையும் வருமானம், கல்வி போன்றவற்றையும் கொண்டு, கணினியில் ஊகித்துப் போடும் மாதிரிக் கணக்கு நிரப்புகிறது; வரைபடத்தில் பார்ப்பவருக்கு எண்ணியது எது, ஊகித்தது எது என்று நிறம் பிரித்துக் காட்டாது. அந்தக் கணக்குகள் தேவையற்றவை என்று நான் நினைக்கவில்லை. எண்ணப்படாத சாவு எந்தப் பட்ஜெட்டிலும் இடம்பெறாது. ஆனால் மாதிரிக் கணக்கைக் கற்கும் மாணவர் ஒருமுறையாவது அந்த வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உட்காருவதற்கு முன் அவர் கடக்க வேண்டிய படிகள் பல. சியாட்டிலில் ஒரு நெறிமுறைக் குழுவும் நைரோபியில் மற்றொரு குழுவும் ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலிருந்து சுவாஹிலிக்கும் களத்தைப் பொறுத்து லுவோ மொழிக்கும் போகும். இன்னொருவர் அதை மறுபடியும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். 'எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி திரும்பி வரும்போது 'விலகினால் சிகிச்சை கிடைக்காது' என்ற தொனியை ஏற்றுக்கொண்டிருந்தால், எல்லாம் முதலிலிருந்து. இதில் மாதங்கள் கழிவதை வீண் என்று எண்ணும் மாணவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அந்த மாதங்களில்தான் தன் கேள்வி அந்த மொழியில் கேட்கத்தக்கதா என்பதை ஆய்வாளர் அறிகிறார். கேள்விகள் பிறகு கைப்பேசிக்குள் ஏறும். அதற்கு இன்று பல நாடுகளில் பயன்படும் ஓப்பன் டேட்டா கிட் என்ற இலவச மென்பொருள், 2008இல் இதே பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் பிறந்தது. இணையம் இல்லாத ஊரில் படிவத்தை நிரப்பி, சமிக்ஞை கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடலாம் என்ற எளிய யோசனை, காகிதக் கட்டுகளைச் சுமந்த பணியாளர்களுக்குப் பெரும் விடுதலையாக இருந்தது.

இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் தரவரிசையைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் எந்த ஊரில் எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறார், அவருடைய கட்டுரைகளில் அந்த ஊர்க்காரர் பெயர் எந்த இடத்தில் வருகிறது, அங்கிருந்து வந்து படித்துத் திரும்பியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால், எந்தத் தரவரிசையும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

பணம் சில பைகளிலிருந்தே வருகிறது என்ற பலவீனம் இந்த அமைப்பில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. துறையும் அளவீட்டு நிறுவனமும் இருக்கும், ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கின் பெயர் தாங்கிய, 2020இல் திறந்த கட்டடத்துக்கும் கேட்ஸ் அறக்கட்டளையே 21 கோடி டாலர் கொடுத்தது. மற்றொரு பெரிய பை அமெரிக்க அரசு. 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவி 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலைக்குள், அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் தனி அமைப்பாக இல்லாமற்போனது. மே 1 அன்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் மானியத்திலிருந்து வெளிநாட்டுப் பங்காளிக்குப் பகிர்ந்தளிக்கும் உள்மானியங்களைப் புதிதாக வழங்கப்போவதில்லை என்றும், வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகத் தனி மானியம் தரும் ஏற்பாடு ஒன்று வரும் என்றும் அறிவித்தது. நைரோபி சியாட்டிலின் கையை எதிர்பார்க்காமல் நேரடியாகப் பணம் பெறுவது கொள்கையளவில் வரவேற்கத்தக்கதே. பல ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்ததும் அதுதான். ஆனால் பழைய வழியை அடைத்துவிட்டுப் புதிய வழியைப் பிறகு திறப்பது என்பது ஆய்வு மையத்துக்குத் தாங்கக்கூடியதன்று. செவிலியருக்கு மாதாமாதம் சம்பளம் போக வேண்டும், இரத்த மாதிரிகள் இருக்கும் உறைபெட்டிக்கு மின்சாரம் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். சியாட்டிலில் இருக்கும் முனைவர் பட்ட மாணவர் வேறொரு பழைய தரவுத் தொகுப்பை எடுத்து ஆய்வேட்டை முடித்துக்கொள்ள வழியிருக்கிறது. ஆறாம் மாதத்தில் ஆய்வில் சேர்ந்து, இருபத்து நான்காம் மாதம் வரை இரத்தப் பரிசோதனைக்கு வரும்படி சொல்லப்பட்டிருக்கும் குழந்தைக்கு இடையில் நிற்கும் ஒவ்வொரு மாதமும் பதிவேட்டில் வெறும் கட்டமாகவே இருக்கும்; அதைப் பிறகு எந்த மாதிரிக் கணக்காலும் உண்மையாக நிரப்ப முடியாது.